பங்கு சொன்னார்கள், பாகம் காட்டவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குள்ள உரிமையைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாக எழுதியிருந்தார்கள். 1989, 2005, 2020 என்று வருடங்கள்கூடச் சரியாகவே இருந்தன. ஆனால் "மகனுக்குச் சமமான பங்கு மகளுக்கும் உண்டு" என்ற வரியோடு கட்டுரை முடிந்துபோனது. படித்துவிட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. எங்கள் வீட்டில் கதை ஆரம்பித்ததே அந்த வரிக்கு அப்புறம்தான். பங்கு எவ்வளவு என்று கோர்ட் சொல்ல ஆறு வருஷம் ஆனது. அந்தப் பங்கு எந்த வரப்பிலிருந்து எந்த வரப்பு வரை என்று தெரிய இன்னும் பத்து வருஷம்.

எங்களுடையது ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமம். தாத்தா 1951-இல் காலமானபோது ஒரே மகனான அப்பாவுக்கு வந்த நிலம் ஆறு ஏக்கர். இரண்டு சர்வே எண், ஆனால் ஒரே தாக்கு. மேற்கே தார் ரோடு. அங்கிருந்து கிழக்கே போனால் தென்னை, நடுவில் கிணறு, அப்புறம் மஞ்சள் விளைந்த செம்மண், கடைசியில் மண்வெட்டி இறங்காத சுக்காம்பாறை. நாங்கள் நாலு பேர்: அண்ணன், நான், தம்பி, தங்கச்சி. என் கல்யாணம் 1987 தை மாதம். தங்கச்சிக்கு 1990 ஆவணியில்.

எங்கள் இரண்டு கல்யாணத்துக்கும் நடுவில் ஒரு சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது. அப்போது கலைஞர் ஆட்சி. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பிலேயே உரிமை என்று தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் போட்ட தீர்மானம் அறுபது வருஷம் கழித்துச் சட்டமானது என்று அப்போது எங்கள் ஊர் வாசகசாலையில் ஒருவர் மேடை போட்டுப் பேசினாராம். நல்ல சட்டம்தான். ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமாகிப் போனவர்களுக்கு அது கிடையாது. அதாவது தங்கச்சிக்கு உண்டு, எனக்கு இல்லை.

அப்பா 2003-இல் உயில் எழுதாமல் காலமானார். அன்றைய நிலையில் கணக்கு எப்படி வந்தது என்று வக்கீல் ஒரு பழைய கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். அப்பா, அண்ணன், தம்பி, தங்கச்சி ஆகிய நாலு பேருக்கும் முதலில் ஆளுக்குக் கால் பாகம். அப்பாவின் அந்தக் கால் பாகத்தை அம்மாவும் நாங்கள் நாலு பேருமாக ஐந்தாகப் பிரிக்க வேண்டும். ஆகவே அண்ணன், தம்பி, தங்கச்சி மூன்று பேருக்கும் ஆளுக்கு 1 ஏக்கர் 80 சென்ட். அம்மாவுக்கு 30 சென்ட். எனக்கும் 30 சென்ட். ஒரே வயிற்றில் பிறந்த அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவில் ஒன்றரை ஏக்கர் வித்தியாசம். தாலி ஏறிய தேதியைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு வந்தது என்று கேட்பீர்கள். 2007-இல் ரோட்டோரம் ஒரு ஏக்கரை விற்க அண்ணன் யாரிடமோ அட்வான்ஸ் வாங்கிவிட்டார். அவர் கையில் ஒரு கூர்சீட்டு, அதாவது பாகம் பிரித்து எழுதிய தாள், இருந்தது. 1996-இல் அப்பா, அண்ணன், தம்பி மூவரும் ஊர்ப் பெரியவர்களை வைத்து இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டது. மேற்குப் பாதி அண்ணனுக்கு, கிழக்குப் பாதி தம்பிக்கு. பெண்களைப் பற்றி ஒரு வரி: "பெண்மக்களுக்கு நகை, சீர் செய்து முடித்தாகிவிட்டது." எனக்குப் போட்டது பதினைந்து பவுன். நகை போட்டதால் பெண்ணின் பங்கு கழிந்துபோகும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அதுதான் நடைமுறைச் சட்டம். என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் ஒரு பட்டுப்புடவைக்கும் ஒரு விருந்துக்கும் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

கூர்சீட்டைப் பதிவு செய்யவில்லை. ஏற்கனவே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டதை ஞாபகத்துக்காக எழுதி வைத்தால் அதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் அந்தத் தாளே சொத்தைப் பிரிக்கிறது என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். எங்களுடையது இரண்டாவது ரகம். பட்டாவும் கூட்டுப் பட்டாவாகவே கிடந்தது. பிரிக்காத சொத்தில் ஒரு பங்குதாரர் தன்னுடைய பிரிபடாத பங்கை விற்கலாமே தவிர, "இந்த ஒரு ஏக்கர் என்னுடையது" என்று இடம் காட்டி விற்றால் அது மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது. தங்கச்சி 2008-இல் பாகம் கேட்டு வழக்குப் போட்டாள். நான் நாலாவது பிரதிவாதி.

பாக வழக்கில் எல்லோரும் வாதிதான், எல்லோரும் பிரதிவாதிதான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில் எல்லோரும் வாய்தாவுக்குப் போகிறவர்கள்தான். நான் கல்யாணமாகி வந்த ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். கோர்ட் வாசல் புளியமரத்தடியில் அண்ணன் ஒரு பக்கம் நிற்பார், நானும் தங்கச்சியும் ஒரு பக்கம். அம்மா யார் பக்கமும் நிற்க முடியாமல் நடுவில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாவும் ஒரு பிரதிவாதி. பெற்ற மகள் அனுப்பிய சம்மனை வாங்கிய அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று தம்பி பெண்டாட்டி பிற்பாடு சொன்னாள்.

2014-இல் முதல்நிலைத் தீர்ப்பு வந்தது. 6/20, 6/20, 6/20, 1/20, 1/20. நகலை வாங்கிப் படித்த தம்பி கேட்ட கேள்வி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது: "இதை வெச்சு நான் எங்கக்கா ஏர் ஓட்டறது?"

நியாயமான கேள்வி. முதல்நிலைத் தீர்ப்பு என்பது பின்னம் மட்டும்தான். நிலத்தைப் பிரித்துக் காட்ட ஒரு வக்கீலைக் கமிஷனராகப் போட வேண்டும், அவர் சர்வேயரோடு வந்து அளக்க வேண்டும், அறிக்கை தர வேண்டும், அதன் மேல் ஆட்சேபணை கேட்க வேண்டும். அதெல்லாம் முடிந்து இறுதித் தீர்ப்பு வந்தால், அதையும் முத்திரைத்தாளில் ஏற்றி வாங்கினால்தான் செல்லும். பெரும்பாலான குடும்பங்கள் முதல்நிலைத் தீர்ப்பையே முழுத் தீர்ப்பு என்று நினைத்து இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகின்றன. இன்னொரு பக்கம் பாருங்கள், அந்த மதிப்பில்லாத கூர்சீட்டில் எல்லாம் இருந்தது. வேப்பமரத்துக்கு மேற்கு, பாறைமேட்டுக்கு கிழக்கு என்று நான்கெல்லை இருந்தது. வண்டிப்பாதை இருந்தது. கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எந்தக் கிழமை என்றுகூட இருந்தது. எழுதியவர் எங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர்.

2017-இல் கமிஷனர் வந்தார். நல்ல மனிதர், வெயிலில் நின்று வேலை பார்த்தார். ரோடு முகப்பு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும், நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் சரிவிகிதமாக வர வேண்டும் என்பது அவர் யோசனை. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே நீளவாக்கில் கோடு போட்டார். ஆயிரம் அடி நீளத்துக்கு ரிப்பன் ரிப்பனாக நிலம். 30 சென்ட் பங்குக்காரியான எனக்கு வந்த ரிப்பன் பதின்மூன்று அடி அகலம். அதில் ஒரு மாட்டு வண்டி போகலாம், திரும்ப முடியாது. கிணறு தங்கச்சி ரிப்பனில் விழுந்தது. அண்ணனின் மாட்டுக்கொட்டகை பாதி அவர் ரிப்பனிலும் பாதி தம்பியுடையதிலும் விழுந்தது. காகிதத்தில் பார்த்தால் ஒரு சென்ட்கூடப் பிசகாத பிரிவினை. நாலு பேரும் ஆட்சேபணை போட்டோம். எங்கள் நாலு பேருக்குள் பல வருஷம் கழித்து வந்த முதல் ஒற்றுமை அதுதான்.

அப்புறம் வழக்குக் கட்டு தூங்கியது. அதற்கு முந்தின வருஷம் அம்மா போய்விட்டார். அம்மாவின் வாரிசுகளைச் சேர்ப்பதற்கு ஒரு மனு, வக்கீல் மாறியதற்கு ஒரு மனு, நீதிபதி மாறுதலில் போனதற்கு நாலு வாய்தா. இடையில் சட்டமும் சும்மா இருக்கவில்லை. வழக்குக்கு முன்பே மத்திய அரசு 2005 செப்டம்பர் 9 முதல் எல்லா மகள்களுக்கும் பிறப்புரிமை கொடுத்திருந்தது. என்னைப் போல 1989-க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் 2015-இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமை என்றது. என் அப்பா இரண்டு வருஷம் முந்திவிட்டார். சரி, நமக்கு 30 சென்ட்தான் எழுதியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். 2020 ஆகஸ்ட் 11-ஆம் தேதி வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அதை மாற்றினார்கள். பிறப்பால் வரும் உரிமைக்கு அப்பா உயிரோடு இருக்க வேண்டியதில்லை, 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் பதிவுப் பத்திரத்தாலோ கோர்ட் தீர்ப்பாலோ உண்மையாகப் பிரித்திருந்தால் மட்டும் அதைத் தொட முடியாது என்றார்கள். கொரோனா சமயம். டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் மேசை மேலிருந்த மாத்திரை அட்டையைத் தள்ளிவிட்டு அதே கேலண்டர் கணக்கை மறுபடி போட்டார்.

அப்பாவோடு சேர்த்து ஐந்து பேருக்கு ஆளுக்கு ஐந்தில் ஒன்று. அப்பாவின் ஐந்தில் ஒன்றை அம்மாவும் நாலு பிள்ளைகளும் ஐந்தாகப் பிரித்தால் ஆளுக்கு இருபத்தைந்தில் ஒன்று. ஆக எங்களுக்கு ஆளுக்கு 1 ஏக்கர் 44 சென்ட், அம்மாவுக்கு 24. அம்மாவும் இல்லாததால் அந்த 24 எங்கள் நாலு பேருக்கும் ஆறாறு சென்ட். எல்லாம் கூட்டினால் ஆளுக்கு ஒன்றரை ஏக்கர். அதாவது ஆறை நாலால் வகுத்தால் வருவது. இத்தனை சட்டம், இத்தனை திருத்தம், இத்தனை தீர்ப்பு தாண்டி ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் போடும் கணக்குக்கு வந்து சேர்ந்தோம். இறுதித் தீர்ப்பு வராதவரை முதல்நிலைத் தீர்ப்பைத் திருத்தலாம் என்பதால் நான் 2021-இல் மனுப் போட்டேன். 2022-இல் ஆளுக்குக் கால் பங்கு என்று மாற்றி எழுதினார்கள். வழக்கு இழுத்ததால் எனக்கு லாபம்தான். அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் அன்றைக்கு என்னிடம் பேசவில்லை. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அப்பாவுக்கு அப்புறம் பதின்மூன்று வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டவர் அவர். 2012-இல் கிணறு வற்றியபோது கடன் வாங்கிப் பக்கவாட்டில் போர் போட்டதும் அவர்தான். சட்டத்தின் பின்னத்தில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. அப்பா உயில் எழுதியிருந்தால் குறைந்தது தன் பங்கையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம். எழுதவில்லை. எங்கள் தலைமுறை அப்பாக்களுக்கு உயில் என்றால் சாவை அழைப்பது போல.

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். 2023-இல் மறுபடி கமிஷனர் என்று ஆரம்பித்தபோது தம்பி ஒரு காரியம் செய்தான். கோர்ட்டுக்குக் காத்திராமல் உரிமம் பெற்ற தனியார் சர்வேயர் ஒருவரைக் கூட்டிவந்து, அரசின் நில அளவு வரைபடமான புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுத் தாக்கையும் அளக்கச் சொன்னான். பட்டாவில் இருந்தது 2.43 ஹெக்டேர், ஆறு ஏக்கர். நிலத்தில் இருந்தது 5 ஏக்கர் 88 சென்ட். ரோடு அகலமானபோது பன்னிரண்டு சென்ட் எப்போதோ போயிருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை. பதினைந்து வருஷமாக இல்லாத பன்னிரண்டு சென்ட்டையும் சேர்த்து நாங்கள் பின்னம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அளந்த அன்று மத்தியானம் தென்னைமரத்தடியில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சித்தப்பா முறையில் ஒரு பெரியவர், எண்பது தாண்டியவர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், சொன்னார்: "பெரியவன் பிரிக்கோணும், சின்னவன் எடுக்கோணும். அதுதானப்பா வழக்கம். அந்தக் கருப்புக்கோட்டுக்காரனுக்கு உங்க காட்டப் பத்தி என்ன தெரியும்?"

இந்த வழக்கம் உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். மூத்தவர் பாகங்களைப் பிரித்து வைப்பார். கடைசிப் பிள்ளை முதலில் எடுத்துக்கொள்ளும். பிரித்தவருக்கு மிஞ்சுவதுதான் கிடைக்கும். ஆகவே பிரிக்கிறவர் ஒரு பாகத்தையும் மோசமாக வைக்க மாட்டார்.

அண்ணன் மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். தினமும் சாயங்காலம் கயிறும் குச்சியுமாகத் தோட்டத்தில் நடந்தாராம். அவர் பிரித்தது குறுக்குவாக்கில். முதலில் வடக்கு வரப்பை ஒட்டி ரோட்டிலிருந்து பாறை வரை பன்னிரண்டு அடியில் பொதுப்பாதை. அதற்கே 28 சென்ட் போனது. மிச்சம் 5 ஏக்கர் 60 சென்ட். ரோட்டோரப் பாகம் 1 ஏக்கர் 10 சென்ட். அடுத்தது கிணறு உள்ள பாகம் 1.30. அதற்கடுத்த செம்மண் 1.50. கடைசியில் சுக்காம்பாறை 1.70. அளவு நாலும் வேறு வேறு. ஆனால் நாலில் எதை எடுத்தாலும் ஏமாந்தோம் என்று சொல்ல முடியாது. கமிஷனர் அறிக்கையில் இருபத்திரண்டு பக்கம் இருந்தது. அண்ணன் இதை என் பேரனின் நோட்டிலிருந்து கிழித்த ஒரே தாளில் வரைந்திருந்தார்.

தங்கச்சி முதலில் எடுத்தாள். எல்லோரும் ரோட்டோரத்தைத்தான் எடுப்பாள் என்று நினைத்தோம். அவள் பாறையைக் காட்டினாள். மகன் கோழிப்பண்ணை போடப்போகிறானாம், அதற்கு விளைச்சல் மண் எதற்கு, இடம்தான் வேண்டும் என்றாள். தம்பி கிணற்றுப் பாகத்தை எடுத்தான். அப்புறம் என் முறை. ரோட்டோரம் 1.10, செம்மண் 1.50. ரோட்டோரத்தில்தான் அண்ணனின் மாட்டுக்கொட்டகை இருந்தது. அந்தப் பாகத்தை அவர் சின்னதாக வைத்ததன் காரணமும் எங்களுக்குப் புரியாமல் இல்லை. அது தனக்கு மிஞ்சினாலும் யாரும் குறை சொல்லக்கூடாது என்றுதான். உண்மையைச் சொல்கிறேன், என் கண் ரோட்டைத்தான் பார்த்தது. நாளைக்கே விற்றால் கேட்ட விலை. வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். நான் செம்மண்ணை எடுத்துக்கொண்டேன். பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம், நாற்பது சென்ட் கூடுதல்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

அடுத்த மாதம் சர்வேயரை வைத்து வரைபடம் போட்டு, சமரச மனுவோடு இணைத்து, 2024-இல் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டோம். அங்கே கொடுக்கும் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்ப வரும். எங்களுக்குத் திரும்ப வந்த சில நூறு ரூபாய் அன்றைக்கு வந்த கார் வாடகைக்கே காணவில்லை. ஊர் வீடு மூன்றரை சென்ட், அதை நாலாக வெட்டினால் ஆளுக்கு ஒரு திண்ணைதான் வரும். 12 லட்சம் என்று பேசி, தம்பி ஆளுக்கு 3 லட்சம் கொடுத்தான். நாங்கள் மூவரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தோம். குடும்பத்துக்குள் எழுதும் பாகப்பிரிவினைக்கும் விடுதலைக்கும் முத்திரைத்தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் 2023 ஜூலையிலிருந்து 40,000 ரூபாய் உச்சவரம்பு. பதிவுக் கட்டணத்துக்கு 10,000. இது தெரியாமல் கிரயப் பத்திரம் மாதிரி செலவு ஆகுமோ என்று பயந்துகொண்டே பத்திரம் எழுதாமல் வைத்திருக்கிறவர்கள் நிறைய.

ஆசிரியர் அவர்களே, உங்கள் கட்டுரையாளருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை பங்கைப் பற்றி எழுதும்போது பாகத்தைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். முதலில் அளந்துவிட்டுப் பிறகு பேசச் சொல்லுங்கள். எங்கள் சமரசப் பத்திரத்தில் நாங்கள் எழுதியதில் பாதி, எந்த வக்கீலும் கேட்காதது. பாதை எத்தனை அடி, அதில் யாரும் கல் கொட்டக் கூடாது. கிணற்றில் நாலு பேருக்கும் கால் பாத்தியம், தூர் வாரினாலும் ஆழப்படுத்தினாலும் செலவு நாலில் ஒன்று. தம்பி நிலத்துக்குள் எங்கள் குழாய் மூன்றடி ஆழத்தில் போகலாம், உடைந்தால் தோண்டிச் சரிசெய்ய அவன் அனுமதிக்க வேண்டும், பயிர் சேதமானால் தோண்டியவர் ஈடு கொடுக்க வேண்டும். கிணற்றுக்குப் பக்கத்தில் புதிதாக யாராவது போர் போட்டால் மற்ற மூவரையும் கேட்க வேண்டும். தென்னை மட்டை அடுத்தவர் பாகத்தில் விழுந்தால், யார் பாகத்தில் விழுந்ததோ அவருக்கே. இது தங்கச்சி சொல்லி எழுதியது, படித்தபோது எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

கரண்ட் விஷயம் மட்டும் பெரிய பாடு. விவசாய இலவச மின் இணைப்பு ஒன்றுதான், அது அப்பா பெயரில். மோட்டார் ஒன்று. இதை நாலாகப் பிரிக்க யாராலும் முடியாது. பெயர் மாற்ற நாலு பேரில் ஒருவர் பெயரைப் போட்டால் மற்ற மூவரின் தலைமுறைக்கு நாளைக்கு என்ன பிடிமானம்? பல குடும்பங்களில் நிலத்தகராறு முடிந்த பிறகும் ஸ்விட்ச் பெட்டித் தகராறு ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் தம்பி பெயருக்கு மாற்ற மற்ற மூவரும் சம்மதம் எழுதிக் கொடுத்து, அந்த இணைப்பில் எல்லோருக்கும் பயன்பாட்டு உரிமை உண்டு, பெட்டிச் சாவி நாலு என்று பத்திரத்திலேயே போட்டுக்கொண்டோம்.

பட்டா தனிக்கதை. கோர்ட்டில் முடிந்தாலும் பத்திரம் பதிந்தாலும் கூட்டுப் பட்டா தானாகப் பிரிந்து நாலாகாது. உட்பிரிவு கேட்டு விண்ணப்பித்து, அரசு சர்வேயர் வந்து கல் நட்டு, புலப்படத்தில் கோடு ஏறி, புது உட்பிரிவு எண் விழுந்தால்தான் தனிப்பட்டா. எங்களிடம் வரைபடம் தயாராக இருந்ததால் ஒரே நாளில் அளந்து முடித்தார்கள்.

கோர்ட்டுகளைப் பற்றியும் ஒன்று. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லிவிட்டது: முதல்நிலைத் தீர்ப்பு சொன்ன கையோடு, யாரும் தனி மனு போடக் காத்திருக்காமல், நீதிமன்றமே இறுதித் தீர்ப்புக்கான வேலையைத் தொடர வேண்டும் என்று. இதை வழக்கு நடத்துகிற குடும்பங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். வாய்தாவில் நீதிபதியிடம் கேட்கலாம் என்ற தைரியமாவது வரும். அதேபோல, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். தங்கச்சி பதினாறு வருஷத்தில் செலவழித்ததைக் கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று நான்தான் தடுத்து வைத்திருக்கிறேன்.

என் பெயரைப் போட வேண்டாம். அண்ணன் உங்கள் பத்திரிகையைத்தான் வாங்குகிறார், டீக்கடையில் சத்தமாக வேறு படிப்பார். போன வாரம் போன் செய்தார். வியாழக்கிழமை உன் தண்ணீர் முறை, மூணு ஃபேஸ் கரண்ட் ராத்திரி பதினொன்றுக்குத்தான் வருகிறது, நீ அங்கிருந்து கிளம்பி வர வேண்டாம், நானே மோட்டார் போட்டுவிட்டு மடை திருப்பிவிடுகிறேன் என்றார். கூடவே, பத்திரத்தில் அப்படி எழுதவில்லை, பார்த்துக்கொள் என்றும் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈரோடு மாவட்டம்.